கொம்பு எடுக்கும் வரை

கல்முனையில் எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் பெற்றவர்களுக்கு முதலில் வருவது வீடு கட்டும் வளவைப் பற்றிய யோசனைதான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் ஒரு வீடு வேண்டும், வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும். என் உம்மா எனக்குத் தந்த வளவை நானும் அப்படித்தான் மனதுக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். றோட்டுப் பக்கம் வீட்டோடு மூத்தவளுக்கு. கிணற்றடியிலிருந்து பின்வேலி வரைக்கும் இளையவளுக்கு. மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்ததும் வீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் சேர்த்து இறக்கிக் கட்டிய இரண்டு அறைகளுக்கு நானும் கணவரும் இளையவளும் மாறினோம். பின்பக்கத் துண்டு சும்மா கிடந்தது. சும்மா கிடந்த அந்த நிலம்தான் என்னைக் கெடுத்தது.

அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற புதிதில், பொழுது போகாமல் அங்கே கொஞ்சம் கத்தரியும் வெண்டியும் நட்டேன். கடற்கரை மண். வெள்ளை வெளேரென்று இருக்கும், கையில் அள்ளினால் விரலிடுக்கால் ஓடிவிடும். ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறதென்று தெரியாது. கடையில் விற்கிற உரத்தைப் போட்டால் இரண்டு கிழமைக்குப் பச்சையாக நிற்கும், பிறகு மஞ்சளாகிவிடும். கைவிட்டுவிடலாம் என்று இருந்த நேரம், என்னோடு வேலை செய்த சிங்களத் தோழி ஒருத்தி மலைநாட்டில் ஒரு தோட்டத்தில் நடந்த வகுப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். உயிராற்றல் முறை என்று அங்கே ஒரு விவசாய முறையைச் சொல்லித் தந்தார்கள். நிலம், செடி, மாடு, புழு, அதைப் பார்க்கிற மனிதர் எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பு என்று எண்ண வேண்டும். வெளியிலிருந்து மருந்தும் உரமும் வாங்கிப் போடக் கூடாது. நிலவு வளர்வதும் தேய்வதும் பார்த்து விதைக்க வேண்டும். எல்லாவற்றிலும் எனக்கு அதிசயமாக இருந்தது கொம்பு உரம். கன்று ஈன்ற பசுவின் கொம்புக்குள் பால் மாட்டுச் சாணத்தை அடைத்து, குளிர்காலத்துக்கு முன் மண்ணுக்குள் புதைத்து வைத்து, வசந்தம் வரும்போது எடுப்பது. எடுக்கும்போது சாணம் சாணமாக இருக்காதாம். மழை பெய்த காட்டு மண்ணைப்போல வாசமடிக்குமாம். அதில் ஒரு பிடியை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கித் தெளித்தால் மண்ணுக்கு உயிர் வரும் என்றார்கள்.

எங்களுக்குக் குளிர்காலமும் இல்லை, வசந்தமும் இல்லை. மாரி தொடங்குவதும் மாரி விடுவதும்தான் உண்டு. மாரிக்கு முன் புதைத்து, வாடைக்காற்று ஓய்ந்து வெயில் திரும்பும்போது எடுக்கலாம் என்று நானே கணக்குப் பண்ணிக்கொண்டேன். இறைச்சிக் கடையில் பசுவின் கொம்பு கேட்டபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் கணவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நட்சத்திரம், ராசி பார்த்து நடுவதெல்லாம் நமக்கு ஆகாது என்றார். ராசிகளை நான் விட்டுவிட்டேன், பிறையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிறை பார்த்து நோன்பு பிடிக்கிறவர்களுக்குப் பிறை பார்த்து விதை போடுவது பெரிய புதுமையாகத் தெரியவில்லை. அவரும் விட்டுவிட்டார். நற்பிட்டிமுனைப் பக்கத்தில் அவருக்கு வயல் இருக்கிறது. அங்கே அவர் தன் பாட்டுக்கு மருந்தடிப்பார், இங்கே நான் என் பாட்டுக்குப் புழு வளர்ப்பேன். வயலிலிருந்து வைக்கோல் மட்டும் எனக்கு வந்து சேரும்.

அந்த வைக்கோல், சாணம், சந்தையில் கழிக்கிற மீன் தலை, முருங்கை இலை எல்லாவற்றையும் அடுக்கி அடுக்கி மக்க வைத்தேன். கடைசியாக வந்து போன மாரிக்குள், பாத்தியில் கையை விட்டால் மணிக்கட்டு வரை கறுத்த மண் இருந்தது. அந்த மண்ணை நான் பிள்ளையைப்போலத்தான் பார்த்தேன். மழை விட்ட காலைகளில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பேன். அத்தனை வருடம் அலுவலகத்தில் எதைச் செய்தும் எனக்கு அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை. இதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் பிள்ளை என்று சொல்ல எனக்கு உண்மையாகவே ஒருத்தி இருந்தாள். அந்த மண் அவளுடையது. அதை நான் மறக்கவில்லை. மறந்தவள்போல நடந்துகொண்டேன்.

இளையவள் கல்முனை டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். சத்தமில்லாத பிள்ளை. வேலை விட்டு வந்தால் என்னோடு பயிற்றங்கொடிக்கு நூல் கட்டுவாள், கட்டிக்கொண்டே பிஞ்சுக் காயைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்பாள். ‘என்ட வளவு’ என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு உறைத்திருக்கும்.

அந்த மாரியின் நடுவில் அவளுக்கு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை. அவனுடைய உம்மாவும் சின்னம்மாவான சாச்சியும் மழைக்குள்ளே பெண் பார்க்க வந்தார்கள். உம்மா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நிதானமான பேச்சு. சாப்பிட்டு முடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்து வளவைப் பார்த்தார். கத்தரி மழையிலும் இவ்வளவு செழிப்பாக நிற்கிறதே என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பை நிறையப் பிடுங்கிக் கொடுத்தேன். அவர் பார்த்தது தன் மகன் வந்து இருக்கப் போகிற இடத்தை. நான் காட்டியது என் கத்தரியை.

போகும்போது அவர் என் கணவரிடம் சொன்னார்: “எங்களுக்கு வேற ஒண்டும் தேவல்ல. நோன்புக்கு முந்தி அத்திவாரத்தப் போட்டுட்டீங்க எண்டா, பெருநாளோட கலியாணத்த வெச்சிக்கலாம். வீடு மெதுவா எழும்பட்டும்.”

இதைவிட நல்ல வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள். என் கணவர் சந்தோஷமாக இன்ஷா அல்லாஹ் என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே எந்த இடத்தில் கொம்புகளைப் புதைத்திருக்கிறேன் என்று மனம் அளந்துகொண்டிருந்தது.

பிறகு இரண்டு வீட்டாருக்கும் தெரியத்தான் பையனும் மகளும் இடைக்கிடை தொலைபேசியில் கதைத்தார்கள். அவள் கிணற்றடிப் பக்கம் நின்று கதைப்பாள். ஒரு நாள் நான் புளியாணம் காய்ச்சிக்கொண்டிருந்தபோது குசினிக்குள் வந்து, அக்கரைப்பற்று ஆட்கள் இதற்கு உறைப்புக்குக் கொச்சிக்காய் அதிகம் போடுவார்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டாள்.

மழை விட்டது. வயலில் நெல் வெட்டுத் தொடங்கியதால் என் கணவர் விடிய வெளிக்கிட்டால் பொழுது பட்டுத்தான் வருவார். மேசனுக்குச் சொல்லியிருக்கிறேன், வந்தால் இடத்தைக் காட்டி வேலையைத் தொடங்கச் சொல் என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். மேசன் வந்தார். இரும்பு அலவாங்கால் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்தார். நல்ல இறுக்கம், வருகிற கிழமையே வெட்டலாம் என்றார். சொல்லிக்கொண்டே மூலை பார்ப்பதற்காகத் தக்காளிப் பாத்திக்குள் காலை வைத்தார். நாற்று வைத்து நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. 

கொஞ்சம் பொறுங்கள், ஈரம் காயட்டும் என்றேன். இது மணல்தானே, ஈரம் ஒன்றும் செய்யாது என்றார் அவர். நான் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய் வேறு ஒரு வீட்டு வேலையை எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் என் கணவரிடம் மண் இன்னும் ஈரமாம் என்றேன். மேசன் அப்படிச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, சொன்னதுபோல் படும்படி விட்டுவிட்டேன். வெட்டும் மெசினும் நெல்லுமாக அலைந்துகொண்டிருந்தவர் நம்பினார். அடுத்த நாள் பையனின் உம்மாவை அழைத்து, மண் ஈரமாகக் கிடக்கிறது, பெருநாள் முடிந்த பிறகு அத்திவாரத்தைப் பார்ப்போமா என்று கேட்டேன்.  “சரி, ஒங்கட விருப்பம்” என்று சொல்லி ஸலாம் கூறி வைத்துவிட்டார். அந்தச் ‘சரி’யைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போனேன்.

ஒரே ஒரு பருவம் என்றுதான் நினைத்தேன். கொம்பை எடுத்து, தெளித்து, இந்தக் காயைப் பார்த்துவிட்டு நிலத்தைக் கொடுத்துவிடலாம். முதிராத கொம்பைக் குழப்பக் கூடாது என்று வகுப்பில் சொன்னதை எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். கொம்பு ஒரு சாட்டுத்தான். அதை எடுத்து வேறு இடத்தில் புதைத்திருக்கலாம். எனக்கு அந்த மண்ணை விட மனமில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. மகள் கிணற்றடியில் நின்று கதைப்பதும் நின்றுவிட்டது. நான் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை. நோன்பு தொடங்க முந்திய கிழமை, சம்பந்தம் கொண்டு வந்த உறவுக்காரர் வந்து முற்றத்தில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். பையனை வேறு ஊரில் கட்டி முடித்த வீட்டோடு ஓர் இடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். என் கணவர் நஸீபு இல்லை, அல்லாஹ் எழுதவில்லை என்றார். நானும் நஸீபு இல்லை என்றேன். நான் செய்ததைத் தூக்கி அல்லாஹ்வின் மேல் போட்டுவிட்டு உள்ளே போய்த் தேநீர் ஊற்றினேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மகள் அன்றிரவு வழக்கம்போலச் சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவி வைத்தாள்.

நோன்பு தொடங்கி இரண்டு மூன்று நாளில், அவள் வேலை முடிந்து நேரத்தோடு வந்தாள். நான் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். கைப்பையைக்கூட வைக்காமல் நேரே என்னிடம் வந்து நின்றாள்.

“உம்மா, அந்த மேசன் இண்டைக்கு மருந்தெடுக்கக் கடைக்கு வந்த. அவர் அப்பவே வெட்டலாம் எண்டு சொன்னாராமே. நீங்கதான் பொறுங்க எண்டீங்களாம்.”

“ஓம்” என்றேன்.

“ஏன்?”

எத்தனையோ சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுதான்: “கொம்பு இன்னம் எடுக்கல்ல மகள்.”

அவள் கத்தவில்லை, அழவுமில்லை. “கொம்பா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு என் கையில் இருந்த களையையும் அதன் வேரில் ஒட்டியிருந்த மண்ணையும் பார்த்தாள். அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லி உள்ளே போனாள். நான் அங்கேயே களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். நோன்பு துறக்கும் நேரம் அவள்தான் வந்து, கஞ்சி ஆறுகிறது, வாங்க என்று கூப்பிட்டாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

என் கணவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், வெட்டு முடிந்து அவர் வீட்டில் இருந்த ஒரு காலையில். கேட்டுவிட்டு நெல்லுச் சாக்குத் தைக்கிற ஊசியைக் கீழே வைத்தார்.

“எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அந்த மண்ண அள்ளி மூத்தவள்ட வேலியோரம் போட்டுத் தந்திருப்பன்” என்றார். “அதுக்கு என்ன, ஒரு நாள் வேலதானே.”

 ஒரு நாள் வேலை. அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கேட்டால் கொடுத்துவிட வேண்டி வரும் என்றுதான் கேட்கவில்லை போலும்.

கொம்பு எடுக்கிற நாள் வந்தது. எடுக்காமல் அப்படியே விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். அதுவும் ஒரு நடிப்பாக இருக்கும் என்று தோன்றியது. மண்வெட்டியால் மெதுவாக விலக்கி ஒவ்வொன்றாக எடுத்தேன். அதற்கு முந்திய மாரிகளில் ஒன்றிரண்டாவது பச்சைச் சாணமாகவே நாறிக்கொண்டு வெளிவரும். இந்தத் தடவை ஒரு கொம்புகூடக் கெட்டுப்போகவில்லை. தட்டியதும் கறுப்பாக, வழுவழுப்பாக உருண்டு விழுந்தது. நான் கேட்டிருந்த அதே காட்டு மண் வாசம். பழுதாகிப் போயிருந்தால் எனக்குத் தண்டனை கிடைத்தது என்று ஆறியிருப்பேன். நன்றாக வந்திருந்ததுதான் தாங்க முடியவில்லை.

பின்னேரம் வாளியில் போட்டுக் கலக்கினேன். ஒரு தடியால் ஒரு பக்கமாகச் சுழற்ற வேண்டும். நடுவில் குழி விழுந்து, தண்ணீர் ஆழமாகச் சுழலும். உடனே மறுபக்கமாகத் திருப்ப வேண்டும். சுழல் உடைந்து நுரைத்து, பிறகு அந்தப் பக்கம் சுழலத் தொடங்கும். ஒரு மணித்தியாலம் இப்படியே செய்ய வேண்டும். நோன்போடு கை ஓய்ந்துவிட்டது. முன்பெல்லாம் கலக்கும்போது மனம் அமைதியாகும், அன்றைக்கு ஒரே யோசனைதான் சுற்றிச் சுற்றி வந்தது. இடையில் மகள் துணி எடுக்க வந்தாள். கொடியிலிருந்து ஒவ்வொன்றாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். முன்பென்றால் தடியை வாங்கி அவளும் கொஞ்சம் சுழற்றுவாள். நான் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அந்த நோன்பில் தோட்டம் காய்த்ததுபோல் ஒரு நாளும் காய்க்கவில்லை. கஞ்சிக்குப் பொன்னாங்காணி, விடியுமுன் சஹருக்குக் கத்தரி, வெண்டி, தக்காளி என்று அக்கம்பக்கம் எல்லாம் கொடுத்தேன். எல்லாரும் துஆச் செய்தார்கள். கையில் பரக்கத் இருக்கிறது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் சிரித்தேன். மூத்தவள் மட்டும், தங்கச்சியை நினைத்தோ என்னவோ, கொடுத்ததை வாங்கி வைத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள். தராவீஹ் தொழுகையில் நின்றாலும் எனக்கு மனம் ஒன்றவில்லை. யாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறேனோ அவன் மேல்தானே பழியையும் போட்டிருந்தேன்.

நோன்பு பாதி போன பிறகு ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு யாரிடமும் சொல்லாமல் அக்கரைப்பற்றுக்குப் பஸ் ஏறினேன். ஒரு பை காய் பிடுங்கி வைத்திருந்தேன், வாசலை விட்டு இறங்கும்போது அதை வெறுத்துப்போய்க் கிணற்றுக் கட்டிலேயே வைத்துவிட்டேன். பஸ்ஸில் இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வெட்டின வயல், வைக்கோல், கொக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன்.

பையனின் உம்மா என்னைக் கண்டதும் திகைத்துப்போனார். உள்ளே கூட்டிப்போய் ஃபேனைப் போட்டு இருக்க வைத்தார். நோன்பு நாளில் ஒரு தண்ணிகூடத் தர முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். நான் நேரே சொன்னேன். மண் ஈரமாக இருக்கவில்லை ராத்தா, நான் தோட்டத்துக்காகத்தான் தள்ளிப் போட்டேன், அப்போது என் வீட்டுக்காரருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். முந்தானையை இழுத்து மடியில் வைத்து அதன் கரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நீங்க கோல் எடுத்த அண்டைக்கு நான் என்ன நினைச்ச தெரியுமா தங்கச்சி? எங்கட மகன் ஒங்களுக்குக் காணாது, முகத்துக்கு நேர செல்ல ஏலாம ஈரம் எண்டு செல்றீங்க எண்டு நினைச்ச. அவனுக்கும் அப்பிடித்தான் செல்லிட்டன். அவன் ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல்ல.”

நான் என் மகளை மட்டும்தான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே ஒரு பையனும் தன்னைப் போதாதவன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். பேசி முடித்த அந்த வீட்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அங்கே இருப்பதும் ஒரு பெண் பிள்ளைதானே என்றார்.  இருந்து நோன்பு துறந்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைப் பிடித்தார். பஸ் இருக்காது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். காரைதீவு தாண்டுவதற்குள் பாங்கு சொல்லிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பேரீச்சம்பழப் பெட்டியைப் பின்னால் நீட்டினார். ஒன்றை எடுத்து வாயில் வைத்து நோன்பு துறந்தேன்.

வீட்டில் எல்லாரும் பயந்துபோய் இருந்தார்கள். என் கணவர் றோட்டில் நின்றார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய் எங்கே போனேன், என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தால் அவள் மனம் கொஞ்சம் இளகும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல அவ்வளவு தூரம் போயிருக்கிறேன் அல்லவா?

அவள் முகம் சிவந்துபோனது. முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

“போறத்துக்கு முந்தி எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா உம்மா? இப்ப அவங்கட வீட்டில எல்லாரும் என்ன நினைப்பாங்க? நான் அழுதழுது ஒங்கள அனுப்பின எண்டு நினைக்க மாட்டாங்களா? அவரும் கேள்விப்படுவார்தானே.” கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள்: “அது எனக்காகப் போன பயணம் இல்ல. ஒங்கட மனசுக்காகப் போன.”

அது சரிதான். வளவைப் பற்றி அவளைக் கேட்காமல் முடிவெடுத்த அதே மாதிரி, அவளுடைய மானத்தைப் பற்றியும் அவளைக் கேட்காமல் முடிவெடுத்திருந்தேன். முதல் பிழைக்கு ஆசை காரணம். இரண்டாவது பிழையை நல்லது செய்கிறேன் என்று நினைத்தே செய்தேன். எது பெரிது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அவள்தான் ஏதாவது செய்ய வேண்டி வரும் என்று பட்டது.

பெருநாள் முடிந்ததும் மேசனுக்கு நானே சொல்லி அனுப்பினேன். என் கணவர், மாப்பிள்ளை இல்லாத நேரம் என்ன அவசரம் என்று கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை முதலில் மகளிடம் போய், உன் வளவில் வேலை தொடங்கலாமா என்று கேட்டேன். அவள் முடியைப் பின்னிக்கொண்டே, தொடங்குங்க என்றாள். அவ்வளவுதான்.

மேசன் அளவு நூல் பிடித்த காலையில் காய்த்துக்கொண்டிருந்த செடிகளை நானே பிடுங்கினேன். வேறு யாரும் செய்வதை எனக்குப் பார்க்க முடியாது. வெண்டியில் இன்னும் பூ இருந்தது. வேரோடு வந்த மண்ணில் புழுக்கள் நெளிந்தன. என் கணவர் சொன்னதுபோலவே கறுத்த மண்ணை எல்லாம் தாச்சியில் அள்ளி மூத்தவளின் வேலியோரம் கொட்டினார். நானும் அள்ளினேன். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது, அவர் சொன்ன அதே ஒரு நாள் வேலை. அத்திவாரக் கிடங்கு வெட்ட வெட்டக் கீழே பழைய வெள்ளை மணல் வெளியே வந்தது. வெயிலில் அது கண்ணைக் கூச வைத்தது. மண்ணுக்காக எனக்கு அழுகை வந்தது. எதற்காக அழ உரிமை இருக்கிறது, எதற்காக இல்லை என்று யோசித்துக்கொண்டே அழுதேன்.

மகள் வேலை விட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே பின்பக்கம் வந்தாள். வெட்டின கிடங்கைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மேசன் குசினிக்கு என்று நூல் கட்டியிருந்த மூலையில் நின்று காற்று எந்தப் பக்கம் வருகிறதென்று பார்த்தாள்.

“குசினிய இந்தப் பக்கம் வெச்சா புகை எல்லாம் உள்ளுக்குத்தான் வரும்” என்றாள் மேசனிடம். “கிணத்துப் பக்கமா மாத்துங்க.”

மேசன் என்னைப் பார்த்தார். அவளிடமே கேளுங்கள் என்றேன்.

இப்போது சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருக்கிறது. மாலையில் அவள் போய் அதற்குத் தண்ணீர் அடிப்பாள், நான் கேட்டால் பைப்பை என்னிடம் தருவாள். வேலியோர மண்ணில் மூத்தவள் எதையோ நட்டிருக்கிறாள். அங்கே நான் அதிகம் போவதில்லை. போனால் குனியத் தோன்றும். நாங்கள் கதைக்கிறோம், சிரிக்கவும் செய்கிறோம். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. சில நாட்களில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திவிட்டு வேறு எங்கேயோ பார்ப்பாள். அப்போது அவள் மனம் எங்கே போயிருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

போன கிழமை இன்னொரு சம்பந்தம் வந்தது. கொண்டு வந்தவர் என்னிடம்தான் விபரம் சொல்லத் தொடங்கினார். மகள் வேலைக்குப் போயிருக்கிறாள், அவள் வந்ததும் அவளிடமே சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அது புதினமாக இருந்தது. அவள் வரும் வரை இருந்தார். நான் தேநீர் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். உள்ளே அவள் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன முடிவெடுத்தாள் என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.